ஃபாதர் தலையில் என் ஹெட்ஃபோன்

மார்ச் 6, 2025, வியாழன்

பார்சல் இன்றும் வரவில்லை. 'உங்கள் பொருள் மாதவரத்தை அடைந்துள்ளது' என்று நான்காவது நாளாக அதே குறுஞ்செய்தி. மாதவரத்தில் அதற்கு என்ன வேலை? யார் வீட்டில் தங்கியிருக்கிறது?

மார்ச் 8, சனி

வந்துவிட்டது!

மேசைமேல் வைக்கும் ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர். ஆறு மாதமாகப் படித்துப் படித்துத் தேர்ந்தெடுத்தது. பெட்டியின்மேல் சிவப்பு எழுத்தில் ஒரு எச்சரிக்கை. பிரிப்பதை முதலிலிருந்து கடைசிவரை வீடியோ எடுக்க வேண்டுமாம். ஆறு பக்கமும் தெரிய வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது. வீடியோ இல்லாவிட்டால் எதற்கும் அவர்கள் பொறுப்பில்லை.

ரெனிட்டாவிடம் போனைக் கொடுத்தேன். என் மனைவி கணக்கு டீச்சர். விதி என்று எழுதிவிட்டால் மீற மாட்டாள்.

பெட்டிக்குள் பெட்டி. அதற்குள் இன்னொரு பெட்டி. மூன்றாவதன் மேல்தட்டில் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை.

"ஆபரேஷனா பண்ணப் போறீங்க?" என்றாள்.

போட்டுப் பார்த்தேன். என் கைக்குப் பாதிதான் ஏறியது. அப்படியே பிரித்தேன். டிபன் பாக்ஸ் அளவில் கறுப்பாக ஆம்ப். முன்னால் வழவழவென்று ஒரு பெரிய திருகு. செங்கல் கனத்தில் கரண்ட் அடாப்டர். மூன்று வயர்கள். அடியில் ஒட்ட நான்கு ரப்பர் கால்கள். துடைக்க ஒரு துணி, அந்தத் துணியை வைக்க ஒரு பை. இந்த ஆம்ப்பை ஒரு மனிதர் மூன்று நாள் தன் காதாலேயே கேட்டுச் சரிபார்த்தார் என்று கையெழுத்திட்ட சான்றிதழ்.

"இதுக்கெல்லாம் சம்பளம் குடுக்கறாங்களா?"

அப்போது கேஸ் சிலிண்டர் வந்தது. நடுவில் நிறுத்தக் கூடாதே! போனைப் பிடித்தபடியே போய் அவள் சிலிண்டரை எடை பார்த்து வாங்கினாள்.

எல்லாம் முடிந்து ஓட்டிப் பார்த்தால் கேமரா முன்பக்கம் திரும்பியிருந்தது. நாற்பத்தோரு நிமிடமும் ரெனிட்டாவின் முகம். பதினேழாவது நிமிடத்தில் அந்த முகம் தனக்குத்தானே, "இதுக்கு ஒரு நல்ல மெத்தை வாங்கியிருக்கலாம்" என்கிறது.

அடாப்டரின் பின் எங்கள் வீட்டு எந்தப் பிளக் பாயின்ட்டிலும் நுழையவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இதை ஏன் வாங்கினேன் என்று எழுதிவைத்துக்கொள்கிறேன். ரெனிட்டா எப்போது கேட்டாலும் ஒரே பதிலாக இருக்கும்.

இரண்டு வருடம் முன்புவரை என்னிடம் இடுப்புயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தன. இருபத்தாறு வருடமாகக் கல்லூரி நூலகத்தில் 'ஷ்' சொல்லிக்கொண்டிருப்பவனுக்கு வீட்டிலாவது சத்தம் வேண்டாமா? ஒருநாள் சாயங்காலம், ஆறரை மணிதான், போலீஸ்காரர் வந்தார். இரவு நேரத்தில் தொந்தரவு என்று மாடியிலிருந்து புகாராம். மாடியில் இருப்பது ஜாஸ்பர். என் சொந்த அண்ணன்.

ஆலிஸ் அண்ணி இறந்து அப்போது இரண்டு மாதம். துக்கம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இறங்கி வந்து 'குறைடா' என்று சொல்ல எத்தனை படி? பதினெட்டு. எண்ணியிருக்கிறேன். அதற்குப் போலீஸா?

வந்தவர் ஸ்பீக்கரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "சார், இதுல பாஸ் நல்லா வருமா?" என்று கேட்ட பிறகுதான் எச்சரித்தார்.

அன்றே இரண்டையும் போர்வை சுற்றிப் பரணில் ஏற்றினேன். அன்றிலிருந்து அண்ணனும் நானும் பேசுவதில்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே தண்ணீர் மோட்டார் என்பதால் ஸ்விட்ச் பக்கத்தில் காலண்டர் தாள் ஒட்டி எழுதிக்கொள்கிறோம். 'போட்டாச்சு – ஜா.' 'நிறுத்தியாச்சு – ஆ.' இரண்டு வருடத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை முழுவதும் இவ்வளவுதான்.

மார்ச் 10, திங்கள்

ரிச்சி தெருவில் யாசிர் கடையில் பொருந்தும் பின் கிடைத்தது. "இன்னா சார், இது எந்த ஊர் செவுத்துக்கு?" என்று அவர் பழைய பின்னைத் தன் கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைத்துக்கொண்டார்.

போட்டுக் கேட்டேன். கடவுளே. பாடுகிறவர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

ரெனிட்டா அந்த வீடியோவைப் 'பார்சல் கம்பெனி'க்கு அனுப்பப் போய் எங்கள் ஆலயத்தின் 'பங்கு மக்கள்' வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டாள். பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து இருந்ததாம். இருநூற்றுப் பதினான்கு குடும்பங்கள். முதல் பதில்: 'ஆமென்.' இரண்டாவது: 'சிலிண்டர் எடை குறைவு, விடாதீங்க சிஸ்டர்.'

மார்ச் 12, புதன்

நாற்பத்தோரு நிமிடத்தையும் முழுதாகப் பார்த்த ஒரே ஜீவன், எங்கள் பங்குப் பேரவைச் செயலாளர் ஜொவிட்டா டீச்சர். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஆண்ட்ரூ, அந்த மெஷின் சின்னச் சத்தத்தைப் பெருசாக்குமா?"

"ஆமா டீச்சர்."

"மாதாவே அனுப்பியிருக்காங்க."

எங்கள் ஆலயம் கடற்கரையில் இருக்கும் பெரிய மாதா கோயில் இல்லை. பின்தெருவில் இருக்கும் சின்னது. சனிக்கிழமைகளில் பாவசங்கீர்த்தனம் கேட்பவர் ஃபாதர் ராஜநாயகம், வயது எண்பத்தொன்று. காது அறவே போய்விட்டது. காது மெஷின் வைத்தால் உள்ளே பூச்சி ஓடுவதுபோல் இருக்கிறதென்று கழற்றிப் போட்டுவிட்டார். அதனால் பாவங்களைக் கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. போன சனிக்கிழமை மீன் விற்கும் தேசம்மா, "டீச்சரம்மாவ மனசுக்குள்ள தெனமும் திட்றேன் ஃபாதர்!" என்று கத்தியிருக்கிறார். வரிசையில் அடுத்து நின்றது ஜொவிட்டா டீச்சர்.

"தவக்காலம் முடிஞ்சு ஈஸ்டர் வரைக்கும் குடுப்பா."

வந்து நான்கு நாள்தான் ஆகிறது! இல்லையென்று சொல்ல வாயைத் திறந்தேன். ரெனிட்டா, "எடுத்துட்டுப் போங்க டீச்சர்" என்றாள்.

மார்ச் 15, சனி

பாடகர் குழுவின் மைக்கைப் பாவசங்கீர்த்தனக் கூண்டின் வலைக்குப் பின்னால் கட்டினேன். அதை ஆம்ப்பில் சேர்த்து, என் ஹெட்ஃபோனை ஃபாதர் தலையில் மாட்டினேன். வெளியே டீச்சர் அட்டை தொங்கவிட்டார்: 'மெதுவாகப் பேசவும். இனிக் கத்த வேண்டாம்.'

முதல் ஆள் உள்ளே போய் முணுமுணுத்தார். வெளியே ஒரு சொல் கேட்கவில்லை. டீச்சர் என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

பிறகு ஃபாதரின் குரல் கூரையைப் பிளந்தது.

"எத்தனை தடவை?! மச்சினி வீட்லயா?! குக்கரையா?!"

இதை நான் யோசித்திருக்க வேண்டும். காதை இறுக்கி மூடினால் யாருக்கும் தன் குரல் தனக்குக் கேட்காது, கத்தத்தான் செய்வார்கள். இதுவரை பாவி கத்தினார், ஃபாதர் மெதுவாகப் பேசினார். இப்போது பாவி மெதுவாகப் பேசுகிறார், ஃபாதர் கத்துகிறார். வரிசையில் நிற்பவர்கள் பாதிக் கணக்கைக் கேட்டு மீதியைத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள்.

மார்ச் 16, ஞாயிறு

பூசையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மார்ச் 22, சனி

வரிசை வாசல் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. ஆதம்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஒரு குடும்பமே வந்திருக்கிறது. பாவம் சொல்ல அல்ல, கேட்க. பாட்டிலில் தண்ணீர், தவக்காலம் என்பதால் வெறும் சுண்டல்.

ஃபாதருக்கு ஒரே சந்தோஷம். "ஜனங்க மனந்திரும்புறாங்கப்பா!" என்று என் முகத்துக்கு நேராகக் கத்தினார்.

டீச்சர் உத்தரவு: அடுத்த வாரத்துக்குள் ஃபாதரின் குரல் ஃபாதருக்கே கேட்கும்படி செய்ய வேண்டும். அவர் பக்கம் இன்னொரு மைக் வைத்தால் நடக்கும். என் ஹெட்ஃபோன் பஞ்சில் தேங்காய் எண்ணெய் வாசனை.

மார்ச் 29, சனி

எழுத முடியவில்லை. நாளைக்கு.

மார்ச் 30, ஞாயிறு

எழுதலாமா கூடாதா? எழுதாவிட்டால் தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும்.

நேற்று நாலரை மணிக்கே போய்விட்டேன். ஃபாதர் ஐந்தரைக்குத்தான் வருவார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, திரையை இழுத்துவிட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இரண்டாவது மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அந்தப் பக்கம் யாரோ முழங்காலிடும் சத்தம். முட்டி சொடுக்கியதுகூடக் காதுக்குள் கேட்டது. டீச்சர்தான் சோதிக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"ஃபாதர், தம்பிமேல போலீஸ்ல பொய் கம்ப்ளெயின்ட் குடுத்தேன்."

அண்ணன்.

அந்த இடத்திலேயே கழற்றியிருக்க வேண்டும். கழற்றினால் எனக்கு ஒன்றும் கேட்டிருக்காது, அவ்வளவு மெதுவாகத்தான் பேசினார். கை எழவில்லை. கழுத்தோரத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் அவர் குரல்.

"ராத்திரின்னு எழுதிக் குடுத்தேன். ராத்திரி இல்ல ஃபாதர், சாயங்காலந்தான். அவன் ஆலிஸ் பாடுனதப் போட்டான். முழுப் பாட்டு இல்ல. ஒரே ஒரு வரி. நாலு செகண்டு. திரும்பத் திரும்ப அதையே. நாப்பது தடவை எண்ணுனேன். அவ வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போற மாதிரி இருந்துச்சு. தாங்க முடியல ஃபாதர்."

மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"இப்ப அந்த நாலு செகண்டும் இல்ல. கீழ சத்தமே இல்ல. சாயங்காலமானா தரையில காத வெச்சுப் பாக்கறேன். ஒண்ணும் கேக்கல."

அந்த நாலு விநாடி. எது என்று எனக்கு உடனே தெரிந்தது. இதுவரை நான் எங்கேயுமே எழுதாத விஷயம், ஏனென்றால் எழுதத் தக்கதாகவே தோன்றியதில்லை. பாடகர் குழு ஒத்திகையில் போனில் பிடித்த ஒரு பதிவு. அண்ணி தனியாகப் பாடுவார், 'வாசல் வந்த சமாதானமே.' அந்தச் 'ச'தான் காரணம். மட்டமான கருவியில் அந்த எழுத்து கீச்சென்று குத்தும், நல்லதில் பட்டுப்போல வரும். எந்தக் கருவி வாங்கினாலும் அதை வைத்துத்தான் சோதிப்பேன். எனக்கு அது ஒரு எழுத்து. வெறும் எழுத்து. செத்து இரண்டு மாதம் ஆனவரின் குரல், மாடியில் அவர் புருஷன்... எனக்கு ஏன்டா தோணல? மரமண்டையா நான்?

"ஃபாதர்? மெஷின் வேலை செய்யலீங்களா?" என்றார் அண்ணன். காத்திருந்தார். நான் மூச்சைக்கூட விடவில்லை. எழுந்து பெஞ்சுக்குப் போய்விட்டார். நான் பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சாக்ரிஸ்தி அறை வழியாகத் திருடன் மாதிரி வெளியே வந்தேன். இரண்டாவது மைக்கை இணைக்கவே இல்லை.

அதனால் ஐந்தரைக்கு அண்ணன் மறுபடி போய்ச் சொன்னபோது, ஃபாதர் ஊருக்கே கேட்கும்படி, "நாப்பது தடவையா?!" என்று கத்தினார். சுண்டல் தின்றுகொண்டிருந்த குடும்பம் தின்பதை நிறுத்திவிட்டு, வெளியே வந்த என் அண்ணனைத் தலை முதல் கால் வரை பார்த்தது. அறுபது வயது மனிதர். சட்டையைச் சரிசெய்துகொண்டு நடந்து போனார்.

ஏப்ரல் 2, புதன்

ரெனிட்டாவிடம் சொன்னேன், அண்ணன் சொன்னதையல்ல, நான் கேட்டுவிட்டதை மட்டும். "போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணுங்க" என்றாள். யாரிடம்? "அதே ஃபாதர்கிட்ட. அதே மெஷின்ல. நீங்க கட்டுனதுதானே?"

ஏப்ரல் 5, சனி

இரண்டாவது மைக்கைச் சேர்த்தேன். ஃபாதர் இப்போது பூனைபோலப் பேசுகிறார். ஆதம்பாக்கம் குடும்பம் ஏமாந்து திரும்பிப் போனது. நான் வரிசையில் நிற்கவில்லை. வயர் பார்க்கிற வேலை இருந்தது. (இல்லை.)

ஏப்ரல் 12, சனி

வயர் பார்த்தேன்.

ஏப்ரல் 16, புதன்

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் என்பதால் இன்றும் பாவசங்கீர்த்தனம் உண்டு. நூலகத்துக்கு அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு நேராகப் போய் நின்றேன். உள்ளே போகும்போது வெளியே இருந்தது தேசம்மாவும் ஜொவிட்டா டீச்சரும் மட்டும்தான். முழங்காலிட்டேன். வலையில் வாயை வைத்து, "ஃபாதர், ஒருத்தர் பாவசங்கீர்த்தனம் பண்ணும்போது நான்..." என்று தொடங்கினேன்.

கரண்ட் போய்விட்டது.

ஃபேன் நின்றது. ஆம்ப்பின் விளக்கு அணைந்தது. ஏற்கெனவே கேட்காத காது, அதன்மேல் என் ஹெட்ஃபோனின் இறுக்கமான பஞ்சு.

"ஆ?" என்றார் ஃபாதர்.

திரும்பச் சொன்னேன்.

"கேக்கலப்பா! சத்தமா!"

கரண்ட் வந்தபிறகு வருகிறேன் என்று சொன்னேன். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை. "பயப்படாம சொல்லு! சத்தமா!" என்று வலையைத் தட்டினார். கத்தினேன். இருபத்தாறு வருடம் 'ஷ்' சொன்ன தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது.

"எங்க அண்ணன் பாவசங்கீர்த்தனம் பண்ணும்போது உங்க சீட்ல நான் உக்காந்திருந்தேன் ஃபாதர்! முழுசா கேட்டுட்டேன்!"

"எந்த அண்ணன்?"

"ஒரே அண்ணன்தான் ஃபாதர்! ஜாஸ்பர்!"

"எழுந்து வர வேண்டியதுதானே?"

"முடியல ஃபாதர்! ரெண்டு வருஷமா அவர் குரலையே கேக்கல! கேக்கணும் போல இருந்துச்சு! தப்பு என்மேலதான் ஃபாதர், நான் யோசிக்காமப் பண்ணிட்டேன்! மன்னிப்பு கேக்கணும், எப்படிக் கேக்கறதுன்னு தெரியல!"

ஃபாதர் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "அவன்கிட்டயே போய்க் கேளு. இவ்ளோ சத்தம் வேணாம்."

திரையை விலக்கி வெளியே வந்தேன். வரிசையில் இப்போது முதல் ஆள் அண்ணன். நான் உள்ளே போன பிறகு வந்திருக்கிறார், தேசம்மா அவருக்கு இடம் விட்டிருக்கிறார். ஜொவிட்டா டீச்சர் சுவரில் இருந்த சிலுவைப்பாதைப் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரண்டு இல்லாட்டியும் இங்க எல்லார்க்கும் நல்லா கேட்டுச்சு நைனா. மெஷினே வாணாம்" என்றார் தேசம்மா.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கூண்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறேன் என்பதே எனக்கு உறைக்கவில்லை.

"நவுருடா" என்றார்.

இரண்டு வருடத்தில் முதல் வார்த்தை. 'டா' இருந்தது. வீடு வரும்வரை அந்த 'டா'வையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

மோட்டார் தாளில்: 'போட்டாச்சு. அந்தப் பாட்டு உன்கிட்ட முழுசா இருக்கா? – ஜா.'

நான்கு முறை எழுதி அடித்தேன். கடைசியில்: 'இருக்கு. நானே முழுசாக் கேட்டதில்ல. மன்னிச்சிருங்க அண்ணே. – ஆ.'

தொட்டி நிரம்பி வழிந்த பிறகுதான் மோட்டாரை நிறுத்தவில்லை என்று ஞாபகம் வந்தது.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

மாடியிலிருந்து ஒரு தூக்குப் பாத்திரத்தில் பிரியாணி. அண்ணனே செய்தது. உப்பே இல்லை. நானும் ரெனிட்டாவும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டோம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

தவக்காலம் முடிந்ததால் மெஷின் வீட்டுக்கு வந்துவிட்டது. காலைப் பூசை முடிந்து பத்து மணிக்கு அண்ணன் இறங்கி வந்தார். செருப்பை வாசலில் விட்டார். ரெனிட்டா, "வாங்க மாமா" என்றாள், நேற்றும் வந்துவிட்டுப் போனவரிடம் சொல்வதுபோல. நான் பேச வாயெடுத்தேன். "அதான் ஊருக்கே கேக்கச் சொல்லிட்டியே, விடு" என்றார்.

நாற்காலியில் உட்காரவைத்து ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். "முதல்லேர்ந்து போடு" என்றார். போட்டேன். எனக்கு ஒன்றும் கேட்காது. அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாலு விநாடி எப்போது வந்து போனது என்றுகூடத் தெரியவில்லை. கண்ணை மூடியே இருந்தார். ரெனிட்டா அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

திடீரென்று கண்ணைத் திறந்து, ஃபாதர் மாதிரியே கத்தினார்: "பாட்டு முடிஞ்சுடுச்சு! பேசறாடா! ஆலிஸ் பேசறா!"

ஹெட்ஃபோனின் ஒரு பக்கக் கிண்ணத்தை அவர் திருப்பிப் பிடிக்க, நான் குனிந்து காதை ஒட்டினேன். இரண்டு தலையும் முட்டிக்கொண்டன. ஒத்திகை அறையில் நாற்காலிகள் இழுபடும் சத்தம். யாரோ இருமுகிறார்கள். பிறகு அண்ணியின் குரல், தெளிவாக, சற்று எரிச்சலாக:

"முடிஞ்சதா? ஆஃப் பண்ணுங்கப்பா. மணி பதினொண்ணு ஆகுது, வஞ்சிரம் தீர்ந்துடும்."

அவ்வளவுதான். பதிவு முடிந்துவிட்டது.

என் கை பழக்கத்தில் திரும்பப் போடப் போனது. அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். "வேணாம். ஒரு தடவ போதும்."

சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை, இரண்டும்தான் போலிருக்கிறது. பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்து, எழுந்து, "ரெனிட்டா, ஒரு பை குடும்மா" என்றார்.

"எதுக்கு மாமா?"

"மீன் வாங்க."

"தடைக்காலம் அண்ணே. பெரிய போட்டெல்லாம் போகாது. வஞ்சிரம் கிடைக்காது" என்றேன்.

அவர் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தார்.

"கெடைக்கறத வாங்கலாம். வாடா."